அணைத்த பிறகும் படித்துக்கொண்டிருந்த பிளேன்

அந்தப் பிழைச் செய்தி லாகில் ஒரே வரியாகத்தான் வரும். திரைக்குப் படம் அனுப்பும் டிஸ்பிளே கன்ட்ரோலர் தனக்கு உரிமையில்லாத நினைவக முகவரியைப் படிக்கப் பார்த்தது, வன்பொருள்கள் நினைவகத்தைத் தொடுவதைக் காவல்காக்கும் ஐஓஎம்எம்யூ தடுத்துவிட்டது, முகவரி இன்னது. அவ்வளவுதான். திரையில் ஒரு குறையும் தெரியாது. வீடியோ ஓடும், ஜன்னலை மூடுவோம், மேசைத்திரை திரும்ப வரும், எல்லாம் ஒழுங்காக இருக்கும். சில நூறு முறை மூடினால் ஒரு முறை இந்த வரி விழும். பல வாரங்கள் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நானும்தான். பிறகு இரவு முழுக்க ஓடும் சோதனையில் ஒரு கருவி உறைந்து நின்றபோது, அதன் லாகில் கடைசியாக இருந்ததும் இதே வரி. அன்றுதான் உட்கார்ந்தேன்.

கிராபிக்ஸ் டிரைவர் எழுதுகிறோம் என்று சொன்னால் பலருக்கும் முப்பரிமாண விளையாட்டுகள்தான் நினைவுக்கு வரும். நான் வேலை செய்வது அதற்கு மறுபுறம், வரைந்து முடித்த படத்தைத் திரைக்கு அனுப்பும் பகுதியில். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் அதற்கு கேஎம்எஸ் என்று பெயர். திரையில் நாம் பார்ப்பது ஒரே படம் போலத் தெரிந்தாலும் அது பல அடுக்குகள் சேர்ந்தது. அடியில் பிரைமரி பிளேன், அதன் மேல் ஓவர்லே பிளேன், எல்லாவற்றுக்கும் மேலே கர்சர் பிளேன். ஒவ்வொரு பிளேனும் நினைவகத்தில் தனக்கென்று ஒதுக்கிய படப் பகுதியை, அதாவது ஃபிரேம்பஃபரை, தானே நேரடியாகப் படிக்கிறது. வன்பொருள் அவற்றை ஓடுகிற ஓட்டத்தில் ஒன்றாகக் கலந்து திரைக்கு அனுப்புகிறது. வீடியோவை ஓவர்லேயில் போட்டால் ஜிபியு ஒவ்வொரு ஃபிரேமையும் உட்கார்ந்து கலக்க வேண்டியதில்லை, மின்சாரம் மிச்சம். கைக்கருவிகளில் பேட்டரி தாக்குப்பிடிப்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

ஒரு பிளேனை எரியவிடுவதற்கு எல்லோரும் கவனம் எடுத்துக்கொள்கிறார்கள். நிறம் சரியா, அளவு சரியா, இடம் சரியா என்று கண்ணால் பார்த்துவிடலாம். அணைப்பது அப்படி இல்லை. சரியாக அணைந்தால் பார்க்க ஒன்றும் இருக்காது. தப்பாக அணைந்தாலும் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது.

எங்கள் டிரைவரில் அணைக்கும் ஃபங்ஷன் நாலே வரி. பிளேனின் கன்ட்ரோல் ரிஜிஸ்டரில் (வன்பொருளுக்குக் கட்டளை எழுதும் இடத்தில்) பூஜ்யம் எழுது, மாற்றத்தை எடுத்துக்கொள்ளச் சொல்லி இன்னொரு பிட்டை ஏற்று, திரும்பு. படித்துப் பார்த்தால் தப்பே கிடையாது. சிக்கல் என்னவென்றால், டிஸ்பிளே ரிஜிஸ்டர்கள் பெரும்பாலும் இரட்டைப் பிரதி கொண்டவை. நாம் எழுதுவது நிழல் பிரதியில் போய் உட்காரும். வன்பொருள் நடப்பு ஃபிரேமைப் பழைய மதிப்பிலேயே ஓட்டி முடித்து, அடுத்த வி-பிளாங்கில்தான், அதாவது இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவிலான சிறு இடைவெளியில்தான், புதியதை எடுத்துக்கொள்ளும். நடு ஃபிரேமில் படம் கிழியக்கூடாது என்பதற்காகச் செய்த நல்ல ஏற்பாடு அது. ஆனால் 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேம் 16.7 மில்லிவினாடி. பிளேனை நிறுத்தச் சொல்லி நாம் திரும்பிய பிறகும் அவ்வளவு நேரம் வரைக்கும் அது பழைய ஃபிரேம்பஃபரைப் படித்துக்கொண்டே இருக்கும். அதற்குள் அந்த நினைவகத்தை வேறு வேலைக்குக் கொடுத்துவிட்டால், பிளேன் அடுத்தவர் வீட்டுக்குள் எட்டிப்பார்க்கிறது. ஐஓஎம்எம்யூ இருந்தால் கதவை அடைக்கும். இல்லாத சிப்பில் யாருடைய தரவோ ஒரு கணம் திரையில் தெரியும்.

இது கெர்னலுக்குத் தெரியாத விஷயம் ஒன்றும் இல்லை. எல்லா மாற்றங்களையும் ஒரே தொகுப்பாகச் செய்யும் அட்டாமிக் முறையில், டிரைவர்களுக்குப் பொதுவான ஹெல்பர் ஃபங்ஷன்கள் இதற்காகவே வரிசை வைத்திருக்கின்றன. முதலில் ரிஜிஸ்டர்களை எழுது, பிறகு வி-பிளாங்க் கடக்கும்வரை காத்திரு, அதன் பிறகுதான் பழைய ஃபிரேம்பஃபரை விடுவி. நாங்களும் காத்திருந்தோம். ஃபிளிப் (படமாற்றம்) முடிந்தது என்ற நிகழ்வு வரும்வரை நின்று, வந்த பிறகே விடுவித்தோம். அப்படியிருக்க இந்த வரி ஏன் வருகிறது?

மூன்று நாள் ஆனது. டிரேஸ் பாயிண்ட்டுகளைப் போட்டு, ரிஜிஸ்டர் எழுதிய நேரம், வி-பிளாங்க் வந்ததென்று வன்பொருள் தரும் இன்டரப்ட் வந்த நேரம், நினைவகத்தை விடுவித்த நேரம் மூன்றையும் மைக்ரோவினாடிக் கணக்கில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தப்பு நடந்த ஒவ்வொரு முறையும் ஒரே உருவம். வி-பிளாங்க் தொடங்கிவிட்டது. வன்பொருள் நிழல் பிரதிகளை எடுத்தாயிற்று. ஆனால் இன்டரப்டைக் கவனிக்கும் ஹேண்ட்லர் இன்னும் ஓடத் தொடங்கவில்லை, வேறு ஏதோ வேலையால் சில பத்து மைக்ரோவினாடி தாமதம். சரியாக அந்த இடைவெளியில் எங்கள் அணைக்கும் ஃபங்ஷன் வந்து எழுதுகிறது. அப்புறம் ஹேண்ட்லர் ஓடுகிறது, ஒரு நிகழ்வு காத்திருப்பதைப் பார்க்கிறது, முடிந்துவிட்டது என்று சொல்லி அனுப்பிவிடுகிறது. உண்மையில் அந்த எழுத்து பஸ்ஸைத் தவறவிட்டிருக்கிறது. அடுத்த வி-பிளாங்கில்தான் ஏறும். நாங்கள் ஒரு ஃபிரேம் முன்னதாகவே நினைவகத்தை விட்டுவிட்டோம்.

யார் முந்துவது என்ற இதே பந்தயம் சாதாரண ஃபிளிப்பிலும் நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. அங்கே வெளிவரவில்லை, ஏனென்றால் வீடியோ பிளேயர் தன் பஃபர்களைச் சுழற்சியில் வைத்திருக்கும், உண்மையாக விடுவிக்காது. ஜன்னலை மூடும்போதுதான் எல்லாம் ஒரேயடியாகப் போகிறது. இரண்டு பாதைக்கும் பிழை ஒன்றுதான், அணைக்கும் பாதையில் மட்டும் அதற்குப் பல் முளைத்திருந்தது.

திருத்தம் சிறியது. எங்கள் சிப்பில் மாற்றத்தை எடுத்துக்கொள்ளச் சொல்லும் அந்த பிட், வன்பொருள் எடுத்துக்கொண்டதும் தானாகவே இறங்கிவிடும். ஹேண்ட்லரில் அதைப் படித்து, இன்னும் ஏறியே இருந்தால் நிகழ்வை அனுப்பாமல் அடுத்த வி-பிளாங்க்வரை வைத்திரு என்று ஒரு சோதனை சேர்த்தேன். எல்லா வன்பொருளிலும் இப்படி வசதி இருக்காது. இன்டெலின் பிளேன்களில் முறை வேறு. பரப்பின், அதாவது படம் இருக்கும் நினைவகத்தின், முகவரி ரிஜிஸ்டரை எழுதுவதுதான் மற்ற மாற்றங்களுக்கெல்லாம் பச்சைக்கொடி. அதனால் பிளேனை அணைக்கும்போதும் கன்ட்ரோலில் பூஜ்யம் எழுதிவிட்டு, முகவரி ரிஜிஸ்டரிலும் பூஜ்யம் எழுதுகிறார்கள். தெரியாதவர் பார்த்தால் அந்த இரண்டாவது வரி வீண் வேலை என்று எடுத்துவிடத் தோன்றும். அதுதான் அணைப்பையே நடக்க வைக்கிற வரி.

இந்த வேலைக்குப் பிறகு அணைக்கும் பாதைகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க ஆரம்பித்தேன். பிளேனை அணைக்க ஒரே ஒரு வழிதான் உண்டு என்று நினைத்திருந்தேன். பயன்பாட்டு நிரல் பிளேனின் சிஆர்டிசியையும் (ஒரு திரைக்குப் படம் அனுப்பும் வன்பொருள் பாதை) ஃபிரேம்பஃபரையும் நல், அதாவது வெறுமை, ஆக்கும், கெர்னல் எங்கள் அட்டாமிக் டிசேபிளைக் கூப்பிடும். ஒன்றை மட்டும் நல் ஆக்கினால் கெர்னலே நிராகரித்துவிடும். இந்தப் பாதையிலும் ஒரு பழைய பள்ளம் உண்டு. அணைக்கும்போது பிளேனின் புதிய நிலையில் சிஆர்டிசி 'நல்' என்றுதான் இருக்கும், எந்தத் திரையிலிருந்து அணைக்கிறோம் என்பது பழைய நிலையில்தான் கிடைக்கும். புதியதில் தேடினால் கெர்னல் அங்கேயே விழும். எழுதியவுடனே அகப்படுகிற பிழை என்பதால் அதில் எனக்குப் பெரிய பயம் இல்லை.

பயமுறுத்தியது இன்னொரு வழி. ஒரு நாள் அணியில் புதிதாகச் சேர்ந்த பெண் கூப்பிட்டார். "ஒரு நிமிஷம் வந்து பாருங்களேன், ஜன்னலை ஓரத்துக்கு இழுத்தா மொத்தத் திரையும் மினுக்குது." பார்த்தேன். வீடியோ ஜன்னலைத் திரையின் வலது ஓரத்துக்கு இழுக்க இழுக்க ஒன்றும் ஆகவில்லை. முழுவதும் வெளியே போன அந்தக் கணத்தில் திரை முழுக்கக் கறுத்து, மீண்டு, மறுபடி கறுத்தது.

காரணம் இதுதான். ஜன்னல் வெளியே போனாலும் பயன்பாட்டு நிரலைப் பொறுத்தவரை பிளேன் எரிந்துகொண்டுதான் இருக்கிறது. சிஆர்டிசி இருக்கிறது, ஃபிரேம்பஃபர் இருக்கிறது. அதனால் கெர்னல் டிசேபிளைக் கூப்பிடாது, அப்டேட்டைத்தான் கூப்பிடும். ஆனால் திரைக்குள் விழும் பகுதியைக் கத்தரித்துப் பார்த்த ஹெல்பர், இந்தப் பிளேன் கண்ணுக்குத் தெரியாது என்று குறித்து வைத்திருக்கும். எங்கள் அப்டேட் ஃபங்ஷன் அந்தக் குறிப்பைப் பார்க்கவே இல்லை. அகலம் பூஜ்யம் என்று வாங்கிக்கொண்டு நேரே ரிஜிஸ்டருக்குப் போனது. அந்த ரிஜிஸ்டர் கேட்பதோ அகலத்தில் ஒன்று குறைத்த எண். பூஜ்யத்தில் ஒன்று குறைத்து 12 பிட் புலத்தில் போட்டால் 4095. ஒன்றுமே காட்டவேண்டாத பிளேனிடம் 4096 பிக்சல் அகலத்துக்குப் படி என்று சொல்லியிருக்கிறோம். அது அத்தனையும் படிக்கப் போக, படித்த தரவு வரிசையாகக் காத்திருக்கும் ஃபைஃபோ வறண்டு மற்ற பிளேன்களுக்கும் தரவு வந்து சேரவில்லை.

அப்டேட்டின் முதல் வரியிலேயே, கண்ணுக்குத் தெரியாத பிளேன் என்றால் அணைக்கும் பாதைக்கே போ என்று வைத்தோம். கூடவே, அணைக்கும் வேலையை ஒரே ஒரு உள் ஃபங்ஷனாக்கி இரண்டு பக்கமிருந்தும் அதையே கூப்பிடச் செய்தோம். அணைப்பதற்கு ஒரு டிரைவரில் இரண்டு விதம் இருந்தால் ஒன்று கட்டாயம் பழசாகிப்போகும்.

ஃபைஃபோ என்றதும் நினைவக வேக விவகாரத்தையும் சொல்லிவிடுகிறேன். பிக்சலுக்கு 4 பைட் கணக்கில் 1920க்கு 1080 படம் ஏறக்குறைய 83 லட்சம் பைட். வினாடிக்கு 60 முறை படித்தால் சுமார் 50 கோடி பைட், ஒரே பிளேனுக்கு. இரண்டு பிளேன் ஓடும்போது நினைவகத்தின் வேகத்தை ஏற்றி வைத்திருப்போம், ஒன்றை அணைத்தால் இறக்கலாம். அணைக்கச் சொன்ன உடனே இறக்கினால், இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் அந்தக் கடைசி ஃபிரேம் பட்டினி கிடக்கும். ஏற்றுவது என்றால் பிளேன் எரிவதற்கு முன்னால், இறக்குவது என்றால் பிளேன் அணைந்து வி-பிளாங்க் கடந்த பின்னால்.

சில சிப்களில் இதற்கு நேர் எதிரான தொல்லை. முழுத் திரையையும் நிறுத்தும்போது கடிகாரமும் மின்சாரமும் போய்விடும். அதற்குப் பிறகு பிளேன் ரிஜிஸ்டரைத் தொட்டால் சிப்பின் உள் தரவுப்பாதையான பஸ்ஸே தொங்கும். அப்படிப்பட்ட வன்பொருளுக்காகவே, இயங்கும் சிஆர்டிசிகளின் பிளேன்களை மட்டும் தொடும்படி, மாற்றங்களை எழுதும் கமிட் வரிசையை மாற்றி அமைத்த ஹெல்பரும் கெர்னலில் இருக்கிறது. உங்கள் சிப் எந்த வகை என்று தெரியாமல் பக்கத்து டிரைவரிலிருந்து நகலெடுக்க வேண்டாம்.

அந்தப் புதிய சகாவோடு பேசும்போது அவர் கேட்ட ஒரு கேள்வி என்னை நிறைய யோசிக்க வைத்தது. "நிரல் நடுவிலே செத்துட்டா பிளேனை யார் அணைப்பாங்க?" கெர்னல்தான். நிரல் இறந்ததும் அதன் கைப்பிடி மூடப்படும், அது உருவாக்கிய ஃபிரேம்பஃபர்கள் நீக்கப்படும், அவற்றைக் காட்டிக்கொண்டிருக்கும் பிளேன்களைக் கெர்னல் தானே அணைக்கும். பிரைமரி பிளேன் இல்லாமல் ஓட முடியாத வன்பொருள் என்றால் டிரைவர் அந்த நிலையை மறுக்கும், அப்போது சிஆர்டிசியையும் சேர்த்தே நிறுத்த வேண்டிவரும். பிளேனை எரியவிடும்போது கேட்பதற்கு ஒரு நிரல் உயிரோடு இருக்கிறது. தப்பானால் அதற்குப் பிழை எண் திருப்பிக் கொடுக்கலாம், அது வேறு வழி தேடும். இந்த அணைப்புக்கு எதிரில் யாருமே இல்லை. நம் ஃபங்ஷன் தோற்றால் போய்ச் சொல்லவும் ஆள் கிடையாது. அட்டாமிக் டிசேபிள் எதையும் திருப்பித் தராத ஃபங்ஷனாக இருப்பதில் எனக்கு முழுச் சம்மதம். முடியாது என்று சொல்ல வேண்டியதெல்லாம் முன்னாலேயே, செக் கட்டத்திலேயே சொல்லியாக வேண்டும்.

தொடக்கத்திலும் ஒரு அணைப்பு உண்டு, பலரும் மறப்பது. பூட்லோடர் ஒரு லோகோவைக் காட்டிவிட்டுப் பிளேனை எரியவிட்டபடியே கெர்னலிடம் ஒப்படைக்கும். டிரைவர் தன் கணக்கை ரீசெட் செய்து, எல்லாப் பிளேனும் அணைந்திருக்கிறது என்று எழுதிக்கொள்ளும். கணக்கில் அணைந்ததை யாரும் அணைக்கப் போவதில்லை. லோகோ இருந்த நினைவகம் மற்றவர்களுக்குப் போன பிறகும் அந்தப் பிளேன் படித்துக்கொண்டே இருக்கும். இப்போது எங்கள் டிரைவர் ஏறும்போதே வன்பொருளைப் படித்துப் பார்த்து, கணக்கில் இல்லாமல் எரியும் பிளேனை அணைத்து, வி-பிளாங்க் வரை காத்திருந்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போகிறது.

முதல் பிழைக்கான சோதனையை அந்தப் பெண்தான் எழுதினார். நான் எழுதியிருந்தது ஒரு பிளேனைப் பத்தாயிரம் முறை எரியவிட்டு அணைக்கும் எளிய லூப். திருத்தம் இல்லாத கெர்னலில்கூட அது பிழை காட்டாமல் ஓடி முடிந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு, லூப்பின் ஒவ்வொரு சுற்றும் வி-பிளாங்க் முடிந்தவுடனே தொடங்குகிறது, அதனால் எப்போதும் ஒரே இடத்தில்தான் எழுதுகிறோம் என்றார். அணைப்பதற்கு முன்னால் 0 முதல் 17 மில்லிவினாடிவரை ஏதோ ஒரு தாமதம் வைத்தார், ஒரே வரி. பழைய கெர்னலில் 400 சுற்று தாண்டுவதற்குள் அந்த ஃபால்ட் வரி வந்தது. புதிய கெர்னலைப் போட்டு விட்டுவிட்டுப் போனோம். மறுநாள் காலையில் லாகில் ஒன்றுமில்லை. கெர்னலின் உள்நிலையைக் காட்டும் டீபக்எஃப்எஸ்ஸில் அந்தப் பிளேனின் நிலையைத் திறந்தார். சிஆர்டிசி நல், எஃப்பி (ஃபிரேம்பஃபர்) 0. பிறகு வன்பொருள் ரிஜிஸ்டரையும் தனியாகப் படித்தார். அதிலும் பூஜ்யம்.