நலன் முரண்: ஏதுமில்லை

நிதிக் கணக்கையும் மற்றச் செயல்பாடுகளையும் இணைத்துச் சொல்லும் 'ஒருங்கிணைந்த அறிக்கை'யை எங்கள் பல்கலைக்கழகம் முதல் முறையாக வெளியிட இருந்தது. அதைத் தொகுக்கும் குழுவில் என்னையும் சேர்த்தார்கள். ஆண்டறிக்கை எழுதிப் பழகிய தைரியத்தில் சரி என்றேன். அதில் பெரிய கஷ்டமில்லை. துறைக்கு நான்கு பக்கம் வாங்கி, பிழை திருத்தி, பட்டமளிப்பு விழாப் படங்களைச் சேர்த்தால் வேலை முடிந்தது.

2013இல் வெளிவந்து 2021இல் திருத்தப்பட்ட, இத்தகைய அறிக்கைகளுக்கான சர்வதேசச் சட்டகத்தைப் படித்தபோதுதான் இது வேறு சங்கதி என்று புரிந்தது. நிதி, கட்டடமும் கருவிகளும், அறிவு, மனிதர், சமூக உறவு, இயற்கை என்று ஆறு மூலதனங்கள். கையில் இருப்பதை எண்ணிச் சொன்னால் போதாது. எதைச் செலவழித்து எதை வளர்த்தோம், எது கரைந்தது என்றும் சொல்ல வேண்டும். எங்கள் நிதிப் பிரிவு, நிரப்பாத ஆசிரியர் பணியிடங்களைச் செலவு மிச்சம் என்று காட்டியிருந்தது. ஆய்வுப் பிரிவு கொடுத்த தாளிலோ, அதே பணியிடங்களால்தான் மாணவர்களுக்கு நெறியாளர் கிடைக்கவில்லை. இரண்டு தாள்களையும் அதுவரை யாரும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை!

இயற்கை மூலதனம் அரைப் பக்கத்தில் முடிந்தது. மின்கட்டண ரசீதுகளைத் தவிர எங்களிடம் ஒன்றுமில்லை.

அப்புறம் நிர்வாக நெறி. நிறுவனங்களை நிர்வகிப்பது பற்றிய தென்னாப்பிரிக்காவின் 2016ஆம் ஆண்டு கிங் 4 நெறிக்கோவையை மாதிரிக்கு எடுத்துக்கொண்டோம். கடைப்பிடித்தோம் என்று டிக் அடித்தால் அது விடாது, எப்படி என்றும் விளக்கச் சொல்லும். பதவிப் பொறுப்போடு சொந்த நலன் மோதுகிறதா என்று கேட்கும் நலன் முரண் படிவங்கள் எல்லாம் ஒழுங்காகக் கையெழுத்தாகி இருந்தன. ஏறக்குறைய எல்லாவற்றிலும் 'ஏதுமில்லை'. கொள்முதல் விவாதத்தின்போது தனக்கு இதில் நலன் உண்டென்று சொல்லி யாராவது விலகியிருந்தார்களா என்று மூன்று ஆண்டுக் கூட்டக் குறிப்புகளைப் புரட்டினேன். ஒருவர்கூட இல்லை. அதை அப்படியே வரைவில் எழுதினேன்.

வரைவு திரும்பி வந்தபோது அந்த வரி இல்லை. "நல்ல விஷயமாக எழுதுங்களேன்" என்றார் மேலதிகாரி. எனக்குக் கோபம்தான் வந்தது. காப்பாற்றியவர் உள்தணிக்கையாளர். முக்கியமானவற்றில் நல்லதையும் கெட்டதையும் சமநிலையோடு சொல்லும்படி சட்டகம் கேட்கிறது என்று எடுத்துக் காட்டினார். அறிக்கையின் நம்பகத்தன்மைக்குத் தாங்களே பொறுப்பு என்று ஆட்சிக்குழு எழுதித் தரவேண்டிய இடத்தையும் காட்டினார். "கையெழுத்துப் போடப்போவது நீங்கள்தான் சார்" என்று அவர் சொன்னதும் அறையில் பேச்சில்லை.

வரி திரும்பி வந்தது, 'நடைமுறை மேலும் வலுப்படுத்தப்படும்' என்று மழுப்பலாக. அது என் வாக்கியமில்லை. ஆனால் அதன் கீழிருந்த அட்டவணையைத் திருத்த மறந்துவிட்டார்கள். ஆண்டு மூன்று, விலகியவர் 0 என்று அச்சாகிவிட்டது.