எவர்சில்வர் தூக்குவாளிக்குள் நிக்கல் நுரை: மூன்றாவது முயற்சி

இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவுக்குக் காற்று போகும் ரப்பர் குழாயைக் கழற்றி உள்ளே விரலை விட்டால், கறுப்பாக, வழவழவென்று வெளியே வரும். 2 லட்சம் கிலோமீட்டர் தாண்டிய என் 1.3 லிட்டர் டீசல் காரில் இது நான்கு வருடக் கதை. பிஸ்டன் ரிங்குகளின் இடுக்கில் நழுவும் எரிந்த வாயு, இன்ஜினின் அடிக்கூடான கிராங்க் கேஸுக்குள் இறங்குகிறது. அங்கே தெறிக்கும் ஆயில் திவலைகளை அள்ளிக்கொண்டு பிரீதர் ஹோஸ் என்னும் மூச்சுக்குழாய் வழியாக டர்போவின் வாய்க்கே வருகிறது. காற்று நுழையும் இன்டேக்கில் அந்த ஆயிலோடு, புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பும் ஈ.ஜி.ஆர். அமைப்பின் கரியும் சேர்ந்தால் தார் போலப் படியும். ஹோஸை வெளியே திறந்துவிடச் சொல்பவர்கள் உண்டு. பெங்களூரின் சில்க் போர்டு சிக்னலில் பக்கத்தில் நிற்கும் ஸ்கூட்டர்காரர் அந்தப் புகையைச் சுவாசிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. வாயு இன்ஜினுக்கே திரும்ப வேண்டும், ஆயில் மட்டும் நடுவழியில் இறங்க வேண்டும்.

முதலில் பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நாரைச் சுருட்டி ஒரு டப்பாவில் வைத்து, அதை அந்த ஹோஸின் நடுவே பொருத்தினேன். ஒரே வாரத்தில் கம்பித் துணுக்குகள் உதிர்ந்தன. நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் டர்போவின் முன்னால் அதை வைக்கவே கூடாது. அன்றே கழற்றிவிட்டேன்.

ஜெட் இன்ஜின்களின் பிரீதர்களில் ஆயிலைப் பிரிக்க உலோக நுரை பயன்படுகிறது என்று தெரிந்ததும் அதன் பக்கம் திரும்பினேன். பாலியூரித்தேன் பஞ்சின் மேல் நிக்கலைப் பூசி, உள்ளே இருக்கும் பஞ்சை எரித்துவிட்டால் மிஞ்சும் கூடுதான் நிக்கல் நுரை. பெரும்பகுதி வெற்றிடம். நிக்கல் பேட்டரிகளின் மின்வாய்த் தகட்டுக்காகச் செய்வது. எனக்குக் கிடைத்தது அங்குலத்துக்கு 110 துளை, 1.6 மி.மீ. கனம். கத்தரிக்கோலால் வெட்டலாம். வெட்டும்போது உதிரும் பொடி உடம்புக்குக் கேடு, ஆகவே கையுறையும் முகக்கவசமும் கட்டாயம்.

கலனுக்கு வீட்டிலிருந்த சிறிய எவர்சில்வர் தூக்குவாளி. ஜே.சி. ரோட்டில், ஸ்ரீராம்புரத்துக்காரரான ஓர் அண்ணன் ஆர்கான் வெல்டிங்கில் பக்கவாட்டில் ஒரு குழாயும் மூடியில் ஒரு குழாயும் வைத்துக் கொடுத்தார். "தம்பி, ஆயில் வழிந்து இறங்க இடம் விடு. அடைத்து வைக்காதே" என்றார். நான் பன்னிரண்டு அடுக்கு நுரையை அழுத்தி அடைத்தேன்.

கிராங்க் கேஸின் அழுத்தத்தை அளக்க, கொத்தனார் மட்டக்குழாயை 'ப' வடிவில் வளைத்துத் தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை, ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கின் துளையில் பொருத்தினேன். நந்தி மலை ஏற்றத்தில் பக்கத்து இருக்கையில் மைத்துனன் அதை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு வந்தான். கலன் இல்லாமல் ஏறியபோது நீர்மட்ட வித்தியாசம் 20 மி.மீ. கலனோடு 85. இந்த அழுத்தம் நீடித்தால் ஆயில் சீல்கள் கசியும். அதைவிட வியப்பு, வெளியேறும் குழாய் முன்பைவிட ஈரமாக இருந்தது.

காரணத்தைக் கண்ணாலேயே பார்த்தேன். டர்போ பக்கத்தை அடைத்து, கலனின் மூடியைத் திறந்து, இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டேன். ஊறிப்போன நுரையின் துளைகளில் ஆயில் சவ்வு கட்டியிருந்தது. கீழிருந்து வரும் வாயு அதை உப்பவைக்க, சோறு கொதிக்கும்போது கஞ்சி முட்டையிடுவது போல ஒவ்வொன்றாக வெடித்தது. வெடிக்கும் ஒவ்வொரு குமிழும் புதிய திவலைகளை மேலே வீசியது. நுரை ஆயிலைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பஞ்சாக இருக்கக் கூடாது. சின்னத் திவலைகளைச் சேர்த்துப் பெரிய சொட்டாக்கி உடனே கீழே விட்டுவிட வேண்டும். அண்ணன் சொன்னதும் அதைத்தான்.

இப்போதைய அமைப்பில் கீழே அங்குலத்துக்கு 20 துளையுள்ள அலுமினிய நுரை, அதற்கு மேல் இரண்டே நிக்கல் தகடுகள். தகடுகளுக்கிடையே 5 மி.மீ. இடைவெளி. ஆயில் சுவரோரம் வழிய வேண்டும் என்பதற்காகச் சாய்வாக வைத்திருக்கிறேன். துணுக்கு எதுவும் தப்பாதபடி வெளிவாயில் நுண்வலை. அதே ஏற்றத்தில் அழுத்தம் 28 மி.மீ. 600 கிலோமீட்டரில் சமையலறைத் தராசுக்கு 31 கிராம் சேர்ந்தது.

அதைக் கண்ணாடிப் புட்டியில் மூன்று நாள் வைத்தேன். மேலே பழுப்பு ஆயில், அடியில் தண்ணீர், நடுவே தயிர் போல ஒரு வெள்ளைப் படலம். ஏறக்குறைய பாதி தண்ணீர்! டீசல் எரிவதில் பிறக்கும் நீராவி அது. பெங்களூரின் ஜனவரிக் காலையில் எட்டு கிலோமீட்டர் அலுவலகப் பயணத்தில் இன்ஜின் முழுதாகச் சூடேறுவதற்குள் வண்டி நின்றுவிடுவதால், நீராவி குளிர்ந்து தண்ணீராகிவிடுகிறது. இந்தக் கலவையை இன்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்புக்குத் திருப்பி அனுப்பவே கூடாது. பழைய ஆயில் பீப்பாயில் சேர்த்துவிடுகிறேன். வாரம் ஒரு முறை கலனைக் காலி செய்கிறேன். அது நிரம்பி வழிந்து ஆயில் டர்போவுக்குள் போனால், சாவியை அணைத்தாலும் டீசல் இன்ஜின் அந்த ஆயிலிலேயே வெறிகொண்டு ஓடக்கூடும்.

இன்னும் ஒன்று பாக்கி. நுரையில் மோதிச் சேருவது திவலைகள் மட்டுமே. உண்மையாகவே ஆவியாகிவிட்ட ஆயில் அதைத் தாண்டிப் போய், டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரில்தான் திரும்பத் திரவமாகும். அதனால், ஆவி கலனிலேயே குளிரட்டும் என்று, அதை இன்ஜின் பின்புறத்திலிருந்து எடுத்து, முகப்பு விளக்குக்குப் பின்னால் எதிர்க்காற்று படும் இடத்துக்கு மாற்றியிருக்கிறேன். நேற்று குழாயைக் கழற்றி விரலை விட்டுப் பார்த்தேன். விரல் நுனியில் மட்டும் மெல்லிய கறுப்புக் கோடு. அடுத்த 600 கிலோமீட்டரை ஓசூர் நெடுஞ்சாலையில் ஓட்டி, இந்த முறை தண்ணீரைத் தனியாக நிறுக்கப்போகிறேன்.