வேப்பிலை டிக்கெட்

அங்கன்வாடிப் பணியாளராகச் சேர்ந்த புதிதில் எனக்கு விளையாட்டு என்றால் பந்து, வளையம், ஊஞ்சல்தான். அதாவது இருப்புப் பதிவேட்டில் எண்ணிக்கையோடு எழுதக்கூடியவை. வேப்பமரத்தடியில் நாலு பிள்ளைகள் மண்ணைக் குவித்து, கொட்டாங்குச்சியில் சோறு பொங்கிக்கொண்டிருந்தால் அது என் கணக்கில் வராது. துணி அழுக்காகும், சாயங்காலம் அம்மாக்கள் சண்டைக்கு வருவார்கள். "எந்திரிங்க, கை கழுவுங்க" என்று உள்ளே கூட்டி வந்து பாட்டுச் சொல்லிக் கொடுப்பேன். ஆண்பால் பிள்ளைத்தமிழில் சிற்றில் பருவம் என்றே ஒன்று உண்டு. சிறுமிகள் மண்ணில் கட்டிய குட்டி வீட்டைக் காலால் சிதைக்காதே என்று பாட்டுடைத் தலைவனிடம் கெஞ்சுகிற பருவம். நான் சிதைத்தது காலால் இல்லை, விளக்குமாற்றால்.

அந்த விளக்குமாற்றைக் கீழே போட வைத்தவன் நாலு வயதுப் பையன் ஒருவன். சேர்ந்து ஆறு மாதமாகியும் மையத்தில் வாயைத் திறந்ததில்லை. பெயர் கேட்டால் கால் கட்டைவிரலைப் பார்ப்பான். பேச்சு வளர்ச்சி பின்தங்கியிருக்கிறது என்று குறிப்புக்கூட எழுதிவிட்டேன். ஒருநாள் நான் எடைப் பதிவேட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது வெளியே ஒரு கரகரத்த குரல்: "உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத! சில்லறை இல்லாதவங்க எறங்கிக்க!"

எட்டிப் பார்த்தேன். செங்கல்லை இரண்டு வரிசையாகப் போட்டு பஸ் ஓடிக்கொண்டிருந்தது. கையில் வேப்பிலைக் கொத்தோடு அவன்தான் கண்டக்டர். எங்கள் ஊரிலிருந்து டவுன் வரைக்குமான நிறுத்தங்கள் வரிசை மாறாமல் வந்தன. பையன்களிடம் புளியங்கொட்டை வாங்கிக்கொண்டு இலையைக் கிழித்துக் கொடுத்தான். பெண் பிள்ளைகளிடம் வாங்கவில்லை, ஆனால் இலை மட்டும் கொடுத்தான். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று 2021-இல் வந்தது. காசில்லாவிட்டாலும் டிக்கெட் உண்டு என்பதை அவன் அம்மா மடியில் உட்கார்ந்தபடியே கவனித்திருக்கிறான். பேச்சு பின்தங்கியிருக்கிறதாம்! எழுதினவளுக்குத்தான் காது பின்தங்கியிருந்தது.

அப்புறம் நான் செய்தது அதைவிட மோசம். நல்ல வாய்ப்பு, கணக்கு நுழைத்துவிடலாம் என்று கிட்டே போய், "கண்டக்டர் தம்பி, ஒரு டிக்கெட் அஞ்சு ரூபான்னா ரெண்டு டிக்கெட் எவ்வளவு?" என்றேன். அவன் என்னைப் பார்த்தான். பிறகு கால் கட்டைவிரலைப் பார்த்தான். வேப்பிலையைக் கீழே போட்டுவிட்டுத் தூணோரம் போய் உட்கார்ந்துகொண்டான். பயணிகள் எழுந்து போனார்கள். செங்கல் செங்கலாகவே கிடந்தது. பஸ் திரும்ப வர ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று.

அந்த ஒரு வாரம் எனக்கு உறைத்ததுபோல எந்தப் பயிற்சி வகுப்பும் உறைத்ததில்லை. அடுத்த முறை பஸ் வந்தபோது நான் டீச்சராகப் போகவில்லை. புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு, ஓரமாக நின்று கை காட்டினேன். விசில் அடித்து நிறுத்தினான். "எங்கம்மா போகணும்?" என்றான். ஆஸ்பத்திரிக்கு என்றேன். "அது இந்த வண்டி போகாது, பின்னாடி வருது" என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டான். அத்தனை மாதத்தில் அவன் என்னிடம் பேசிய முதல் பேச்சு, என்னை ஏற்றாமல் விட்டுப்போன பேச்சு.

என் மகள் பி.எட். படித்தபோது அவளுடைய புத்தகத்தைப் புரட்டியிருக்கிறேன். வைகாட்ஸ்கி என்ற ரஷ்ய உளவியலாளர் 1933-இல் ஆற்றிய ஓர் உரையில், ஒன்றை இன்னொன்றாக நினைத்து ஆடுகிற இந்தப் பாவனை விளையாட்டைப் பற்றித்தான் பேசியிருக்கிறார். பிள்ளை ஒரு குச்சியைக் குதிரை என்று ஓட்டும்போது, கண்ணால் பார்க்கிற பொருள் வேறு, மனத்தில் இருக்கிற அர்த்தம் வேறு என்று பிரித்துப் பழகுகிறது. பிற்பாடு எழுத்தைப் பார்த்துச் சொல்லை நினைப்பதற்கும் இந்தப் பழக்கம்தான் வேண்டும். இன்னொன்றும் சொல்கிறார்: பாவனை விளையாட்டு இஷ்டத்துக்கு ஆடுவது மாதிரி தெரிந்தாலும் உள்ளே கறாரான விதி இருக்கிறது. அதைப் படித்ததும் எங்கள் செங்கல் பஸ்ஸின் டிரைவர் நினைவுக்கு வந்தான். பாட்டு நேரத்தில் இரண்டு நிமிடம் ஓரிடத்தில் உட்காராத வாலு அவன். ஆனால் முன் செங்கலில் உட்கார்ந்து சாப்பாட்டுத் தட்டைச் சுற்ற ஆரம்பித்தால் டவுன் வரும்வரை அசையமாட்டான். ஓடுகிற வண்டியிலிருந்து டிரைவர் எழுந்து போக முடியுமா? நான் சொல்லிக் கேட்காததை டிரைவர் வேலை கேட்க வைத்தது.

இதை வைத்துப் பாவனை விளையாட்டு சர்வரோக நிவாரணி என்று சொல்ல நான் வரவில்லை. ஏஞ்சலின் லில்லார்டு என்ற அமெரிக்க உளவியலாளரும் உடன் ஆய்வாளர்களும் 2013-இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். பாவனை விளையாட்டுதான் புத்தியை வளர்க்கிறது என்று உறுதியாகச் சொல்ல அந்தச் சான்றுகள் போதாது என்று எழுதினார்கள். இருக்கட்டும். 1939-இல் சென்னைக்கு வந்து அடையாறில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரியும், பிள்ளைகளுக்குப் பொய்ச் சமையலைவிட நிஜ வேலையே பிடிக்கும் என்ற கட்சிதான். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு நிஜ வேலைக்குப் பஞ்சமில்லை. தம்பியை இடுப்பில் தூக்குகிறார்கள், ஆட்டுக்குத் தழை ஒடிக்கிறார்கள். வீட்டில் நிஜமாகச் செய்த அதே வேலையை இங்கே வந்து பொய்யாகவும் செய்கிறார்கள். ஒன்று போதுமென்றால் இன்னொன்றை ஏன் தேடிப் போகிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

அதற்கு விடை மாதிரி ஒன்றை ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன். பக்கத்துத் தெருவில் ஒரு தாத்தா இறந்துபோனார். காரியமெல்லாம் முடிந்து அவருடைய பேத்தி மையத்துக்கு வந்தாள். வந்த அன்றே ஒரு பையனைப் பாயில் படுக்க வைத்தாள். இன்னொருவன் பவுடர் டப்பாவில் பறை அடித்தான். நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து தோளில் கை போட்டு ஒப்பாரி வைத்தார்கள். சமையல் கட்டிலிருந்து ஓடி வந்த உதவியாளர் அக்கா பதறிவிட்டார்கள். "ஐயையோ, பச்சப் புள்ளைங்க இருக்கிற எடத்துல என்ன சாவு விளையாட்டு! டீச்சர், நீங்களும் பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே!" எனக்கும் நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனால் வேப்பிலை கீழே விழுந்த சத்தம் இன்னும் காதில் இருந்தது. அக்கா கையைப் பிடித்துக்கொண்டேன்.

அந்தப் பெண் அழவில்லை. காலி டம்ளரை எடுத்துக்கொண்டு பாய்க்குப் பக்கத்தில் குந்தினாள். "தாத்தா, டீ ஆறுது பாரு, எந்திரி" என்றாள். பையன் எழுந்து குடித்தான். மறுபடி படுத்தான். மறுபடி பறை. மறுபடி டீ. சத்துமாவு கொடுக்கும்வரை எத்தனை தடவை நடந்தது என்று எண்ணவில்லை. மறுநாளும் நடந்தது, அதற்கு மறுநாளும். அவள் அம்மாவிடம் மெல்ல விசாரித்தேன். வீட்டில் தாத்தாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையாம், "சின்னப் புள்ளதானே டீச்சர், மறந்துடுச்சு" என்றார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

பத்து நாள் போயிருக்கும். பையன் பழக்க தோஷத்தில் தானாகவே பாயை விரித்துப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டான். டப்பாக்காரன் தயாராக நின்றான். அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "வேணாம், எந்திரி. நீ கடைக்குப் போயி வெங்காயம் வாங்கிட்டு வா."

பையன் எழுந்து போனான். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முட்டை உரிக்கப் போனார்கள். நான் அன்றைய செயல்பாட்டுப் பதிவேட்டைத் திறந்தேன். பாட்டு, கதை, உள் விளையாட்டு, வெளி விளையாட்டு என்று கோடு போட்டு வைத்திருந்தேன். பேனாவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, கதை என்ற கட்டத்தில் குறி போட்டேன்.