மெக்சிகோக்காரர் இல்லாத ஒரு நாளும் எங்கள் ஊர்க்காரர்களும்

2025 ஜூன் 8, ஞாயிறு

ஒன்றாம் தேதி முதல் மேற்குக் கடலில் மீன்பிடித் தடைக்காலம். குளச்சலிலும் முட்டத்திலும் விசைப்படகுகள் சும்மா கிடக்கின்றன. அதனால் வாசகசாலை மாடியில் இன்று உட்கார இடமில்லை. ‘எ டே வித்அவுட் எ மெக்சிகன்’ போட்டோம். செர்ஜியோ அராவ் எடுத்த 2004ஆம் ஆண்டுப் படம். ஒரு காலையில் கலிபோர்னியாவில் இருக்கும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் மொத்தப் பேரும் காணாமல் போகிறார்கள். மாநிலத்தில் மூன்றில் ஒருவர் இல்லை. எல்லையைச் சுற்றி ரோஸ் நிறத்தில் மூடுபனி, வெளியே தொடர்பே கிடையாது. பழம் பறிக்க ஆளில்லை, தட்டு கழுவ ஆளில்லை. செய்தி, பேட்டி என்று நிஜ ஆவணப்படம் போலவே ஓட்டுகிறார்கள். வெளியாட்களை எதிர்த்தே அரசியல் செய்த செனட்டரின் வீட்டிலும் வேலைக்காரி இல்லாமல் அல்லாடுகிறார்கள்.

இங்கிலீஷும் ஸ்பானிஷும் கலந்த படம் என்பதால் அங்கங்கே நிறுத்தித் தமிழில் சொன்னேன். பாதிச் சிரிப்பு போச்சு என்று முன்வரிசையில் புகார். நிறுத்தாமல் ஓட்டியிருந்தால் முழுச் சிரிப்பும் போயிருக்கும்.

கடைசியில் எல்லைக் காவலர்கள், இருட்டில் ஒளிந்து வருகிறவர்களைப் பிடித்து, நீங்கள் மெக்சிகோவா என்று கேட்டுக் குதூகலிக்கும் இடத்தில்தான் மாடியே குலுங்கியது. இக்காமா, அதாவது அங்கே தங்கும் அனுமதி, முடிந்து சவுதியில் பதுங்கிக் கிடந்து, அவுட்பாஸ் என்கிற ஊர் திரும்பும் சீட்டில் வந்தவர்களும் கூட்டத்தில் இருந்தார்கள். அவர்கள் சிரித்த சிரிப்பு தனி.

ஜூன் 9, திங்கள்

காலையில் டீக்கடையில் மாமாவைப் பிடித்தேன். நேற்று அவர் முகம் மட்டும் கடுகடு என்றிருந்தது.

“படம் கொள்ளாம் மக்கா. ஆனா காணாம போனவன் எங்க போனான்? அவனுக்க வீட்டுல என்ன நடந்துது? ஒருத்தனும் கேக்கல்லியே.”

1990 ஆகஸ்டில் சதாமின் படை குவைத்துக்குள் நுழைந்தபோது மாமா அங்கே ஒரு பேக்கரியில் வேலையில் இருந்தார். ஈராக் வழியாக ஜோர்டான், அம்மானில் காத்துக் கிடப்பு, அப்புறம் ஏர் இந்தியா விமானம். அந்த முறை 1,70,000 பேருக்கு மேல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அவர் சொல்வது: “நான் வந்த பொறவு அங்க ரொட்டி கிடைச்சுதா கிடைக்கல்லியாண்ணு எனக்கு என்னத்துக்கு? எனக்க சம்பள பாக்கி என்னாச்சு? அத ஒரு படமா எடுக்கச் சொல்லு.”

படத்தைப் பற்றிக் கேட்டதில் உருப்படியான விமர்சனம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இல்லாமல் போனவர்களைப் பற்றிய படத்தில் முக்கால்வாசி நேரம் மிச்சம் இருப்பவர்களின் தவிப்புதான். தட்டு கழுவுகிறான், அதனால் மதிப்போம் என்றால், கழுவ மெஷின் வந்த மறுநாள் என்ன செய்வது?

எடுத்தவர்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 1994இல் கலிபோர்னியாவில் ஆவணம் இல்லாமல் இருப்பவர்களுக்குப் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கிடையாது என்று 187ஆம் முன்மொழிவை ஓட்டுப் போட்டே ஜெயிக்க வைத்தார்கள். நீதிமன்றம்தான் தடுத்தது. பாரம், பாரம் என்று காதில் ஓதிக்கொண்டே இருந்தால், ‘சரி, நாங்கள் இல்லாமல் இருந்து பாருங்கள்’ என்றுதான் பதில் வரும்.

ஜூன் 11, புதன்

மார்த்தாண்டத்தில் கட்டட கான்ட்ராக்டர் ஒருவரைப் பார்த்தேன். அவருக்குப் படம் ரொம்பப் பிடித்துவிட்டது. நூற்றுக்கு நூறு உண்மை என்கிறார். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடக்கத்தித் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று போலி வீடியோக்கள் சுற்றினவே, அப்போது இவரிடம் இருந்த பீகார் ஆட்கள் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பிவிட்டார்கள். கம்பி கட்டி முடித்த கூரை கான்கிரீட் போட ஆளில்லாமல் நின்றது. வீட்டுக்காரர் தினமும் போனில் கத்தினாராம். மூடுபனி மட்டும்தான் இல்லை, மற்றபடி அதே கதைதான் என்று அவரே சிரித்தார்.

“அதுக்கு அப்புறம் கூலி கூட்டினீங்களா அண்ணே?”

“என்னத்துக்கு? திரும்பி வந்துட்டானுவல்லா.”

அராவுக்கு இந்த ஒரு வசனம் கிடைத்திருந்தால் படம் இன்னும் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

ஜூன் 13, வெள்ளி

மழை. கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர் புத்தகம் திருப்பிக் கொடுக்க வந்தார்கள். ஒரே ஜோக்கை ஒன்றரை மணி நேரம் இழுத்துவிட்டார்கள் என்றாள் ஒருத்தி. 1998இல் இதை முதலில் குறும்படமாகத்தான் எடுத்தார்கள் என்றேன். அதோடு விட்டிருக்கலாம் என்றாள். மறுக்க முடியவில்லை.

மற்றவளுக்கு அந்த டிவி நிருபர் லைலாவின் கதை பிடித்திருக்கிறது. எல்லாரும் போன பிறகும் லைலா மட்டும் இருக்கிறாள். அப்புறம்தான் தெரிகிறது, அவள் தத்துப் பிள்ளை, பிறப்பால் ஆர்மேனியப் பெண். வளர்த்தவர்கள்தான் என் ஆட்கள் என்று அவள் சொன்ன பிறகு அவளும் போய்விடுகிறாள். அழ வைக்கப் பார்க்கிறார்கள் என்று எனக்கு எரிச்சலாக இருந்த இடம் அது. இவள் அந்த இடத்தில்தான் அழுதாளாம்.

ஜூன் 14, சனி

ஆறாம் தேதியில் இருந்து லாஸ் ஏஞ்சலஸில் குடியேற்றத் துறை, வெளிநாட்டில் இருந்து குடியேறியவர்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. எதிர்த்து ஜனங்கள் தெருவுக்கு வர, டிரம்ப் தேசியக் காவல் படையை இறக்கினார். நாங்கள் மாடியில் சிரித்துக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமையும் அங்கே இதேதான். அதே மனிதர் பன்னிரண்டாம் தேதி எழுதுகிறார், நம் கடுமையான நடவடிக்கையால் நல்ல, நெடுநாள் வேலையாட்கள் கைவிட்டுப் போகிறார்கள் என்று விவசாயிகளும் ஓட்டல்காரர்களும் சொல்கிறார்களாம். படத்தில் வரும் தோட்ட முதலாளி பேச்சுதான்! இருபத்தோரு வருடம் கழித்து, அதுவும் ஜனாதிபதி வாயால்.

ராத்திரி பரோட்டாக் கடையில் ஒடிசாப் பையனுக்குப் போனில் கொஞ்சம் போட்டுக் காட்டினேன். கஞ்சம் மாவட்டத்துக்காரன், தமிழ் எங்கள் ஊர் இழுப்போடு பேசுவான். குவாத்தமாலாக்காரனையும் மெக்சிகன் என்று கூப்பிடும் இடத்தில் சிரித்துவிட்டு, “என்னையும் பெங்காளிண்ணுதானே கூப்பிடுறாங்க அண்ணா” என்றான். முழுப் படமும் பார்க்க வேண்டுமாம். ஞாயிறு கடையில் கூட்டம், வர முடியாது. சனிக்கிழமை கடை அடைத்த பிறகு, பதினொன்றரைக்கு மேல் என்றால் அறையில் இருக்கும் மற்றவர்களையும் கூட்டி வருகிறேன் என்கிறான். மாடிச் சாவி வைத்திருப்பவரை நாளைக்குப் பார்க்க வேண்டும். இந்தி வசனம் எழுதிப் போட்ட பிரதி கிடைக்குமா என்றும் தேட வேண்டும்.