ஊரணி என்ற ஒரு சொல்: எங்கள் வார்டு நீச்சல் குளம் வந்த வழி

போன மாதம்தான் எங்கள் வார்டு நீச்சல் குளத்தில் தண்ணீர் ஏறியது. முதல் மனு கொடுத்து மூன்றரை வருடம். அதில் ஒன்பது மாதம் முழுசாக வீண். அந்த ஒன்பது மாதம் வேறு ஊர்க்காரர்களுக்கும் போய்விடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

"கூப்பிடு தூரத்துல கடல் கெடக்கு, உங்களுக்கு எதுக்குக் குளம்?" என்று கேட்காத ஆள் இல்லை. ராமநாதபுரம் கடற்கரையில் பிறந்த பிள்ளைக்கு நீச்சல் தானாக வந்துவிடும் என்பது பழைய கணக்கு. கடலுக்குப் போகிற வீட்டுப் பையன்கள் பழகிக்கொள்கிறார்கள். மற்ற பிள்ளைகள், அதிலும் பெண்பிள்ளைகள், எங்கே போய்ப் பழகுவது? ஊர்க் குளங்களான ஊரணிகள் பாதி வறண்டு கிடக்கின்றன, மீதியில் சாக்கடை. எங்கள் தெருவில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனைக் கண்மாய் மடைக்குழியில் பறிகொடுத்தோம். அவன் வீட்டு மாடியில் நின்றால் கடல் தெரியும். எங்கள் மனு அவனை வைத்துத்தான் தொடங்கியது.

திங்கள்கிழமை குறைதீர் நாள் மனு, மன்றத் தீர்மானம், நமக்கு நாமே திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு மக்கள் பணம் எல்லாம் நாங்கள் பயந்த அளவுக்கு இல்லை. படகுக்காரர்களும் வளைகுடாவில் வேலை பார்க்கிற எங்கள் தெருப் பிள்ளைகளும் கை கொடுத்தார்கள். அடி விழுந்தது நிலத்தில்.

வார்டின் நடுவில் ஒரு மேடு. சீமைக்கருவேலம் மண்டி, ஒரு ஓரத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிற இடம். எல்லோருக்கும் அது வெறும் புறம்போக்கு. சொந்தக் காசில் ஜேசிபி விட்டு முள்ளை எடுத்தோம், அளந்தோம், வரைபடம் போட்டோம். கோப்பு ஒரு அலுவலகத்துக்குப் போனது. அங்கிருந்த எழுத்தர் முதல் தடவை புல வரைபடம் கேட்டார். அடுத்த தடவை, தீர்மான நகலில் முத்திரை தெளிவாக இல்லை என்றார். மூன்றாம் தடவை, "ஃபைல் வேற செக்‌ஷனுக்குப் போயிருச்சு, அடுத்த வாரம் வாங்க." மொத்தம் பதினொரு நடை. ஒவ்வொரு நடைக்கும் நான் கடையைப் பூட்டிவிட்டுத்தான் போனேன்.

உண்மையைச் சொன்னது ஒரு கிராம உதவியாளர். டீக்கடையில் என் கையிலிருந்த சர்வே எண்ணைப் பார்த்ததும், "தம்பி, இது ஊரணில்ல? இதுல எப்படிக் கட்ட விடுவாக?" என்றார். எந்த நிலம் என்ன வகை என்று எழுதி வைக்கிற கிராமக் கணக்கு அ-பதிவேடு. அதில் அந்த எண்ணுக்கு நேரே, குறிப்பு என்ற கட்டத்தில், ஒரே சொல்: ஊரணி. எங்கள் தாத்தா காலத்திலேயே தூர்ந்துபோன ஊரணி. நீர்நிலைப் புறம்போக்கில் கட்டடம் கூடாது என்பதில் எனக்கு மறுபேச்சே கிடையாது. இந்த மாவட்டம் ஊரணியையும் கண்மாயையும் நம்பிப் பிழைத்த மாவட்டம். ஆனால் பதிவேடு அந்த எழுத்தரின் முதுகுக்குப் பின்னால் அலமாரியிலேயே இருந்தது. முதல் நாளே பிரித்துப் பார்த்திருந்தால் ஒன்பது மாதம் மிச்சம். இன்னும் ஆறவில்லை எனக்கு.

அதனால் இடம் பார்க்கிற அன்றைக்கே, முள் வெட்டுவதற்கு முன்னால், அரசின் இ-சேவை இணையதளத்தில் சர்வே எண்ணைப் போட்டு அ-பதிவேட்டைப் பாருங்கள். காசு கிடையாது. நகர எல்லைக்குள் என்றால் டி.எஸ்.எல்.ஆர். என்கிற நகர நில அளவைப் பதிவேட்டைப் பாருங்கள். கடலோர ஊர்க்காரர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: கடல் ஏற்றத்தின் எல்லையான உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் இடம் வந்தால் கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதி தனியாக வேண்டும். அந்த அலைச்சல் வேண்டாம் என்றே இரண்டாவது இடத்தை உள்ளே தள்ளிப் பார்த்தோம். பழைய நகராட்சிக் கிட்டங்கி இருந்த இடம், தாள் சுத்தம். மூன்று மாதத்தில் உத்தரவு வந்துவிட்டது.

கட்டும்போது வந்த வினை வேறு. 25 மீட்டர் நீளம், 12.5 மீட்டர் அகலம். நாலரை அடி தோண்டியதுமே ஊற்று. போர் தண்ணீர் ஒரே உப்பு. கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கிற தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456-இன் விதி. ஒப்பந்தக்காரர் போர் தண்ணீரே போதும் என்றார். சண்டை போட்டு லாரித் தண்ணீர் அடிக்க வைத்தோம். அதில் நாங்கள் ஜெயித்தோம்.

ஐப்பசி மழையில் தோற்றோம். டைல்ஸ் ஒட்டுவதற்காகக் குளத்தில் நின்ற மழைத்தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்துவிட்டார்கள். மறுநாள் காலையில் ஆழமான பக்கத்துத் தரை கை அகலத்துக்குத் தூக்கி நின்றது. நடுவில் வாய்பிளந்த விரிசல், அதில் கீழேயிருந்து மணலோடு தண்ணீர் கொப்பளிக்கிறது. வேடிக்கை பார்க்க வந்த மீனவப் பெரியவர் ஒருவர் குனிந்து விரிசலில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "உப்பு. அடித்தண்ணி தூக்கியிருக்கு. வத்தைக்குள்ள பாரம் இல்லாட்டி மெதக்கத்தானே செய்யும்?" வத்தை என்பது எங்கள் பக்கத்துச் சின்னப் படகு. அவர் சொன்னதுதான் கணக்கு. வெளியே நிலத்தடி நீர் தரையின் அடிமட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நின்றால், சதுர மீட்டருக்கு ஒரு டன் மேல்நோக்கித் தள்ளும். எட்டு அங்குலக் கான்கிரீட்டின் எடை அரை டன்தான். தரையை உடைத்துத் திரும்பப் போட்டு, அடியில் ஜல்லி பரப்பி, அழுத்தம் வெளியேற ஹைட்ரோஸ்டேட்டிக் வால்வு வைத்தோம். வரைபடத்தில் இந்த வால்வு இருக்கிறதா என்று நீங்களே கேளுங்கள். மழைக்காலத்தில் குளத்தை ஒருபோதும் காலி செய்யாதீர்கள்.

நிரப்ப நாலு லட்சம் லிட்டருக்கு மேல் ஆனது. காவிரிக் குடிநீரில் கை வைப்பதில்லை என்று முதலிலேயே முடிவு. உள்நாட்டுத் தோட்டக் கிணறுகளிலிருந்து பத்தாயிரம் லிட்டர் லாரி நாற்பத்து மூன்று நடை. இந்தக் காற்றுக்கும் வெயிலுக்கும் நாளைக்கு 5 மில்லிமீட்டர் வற்றினாலே 1,500 லிட்டர் போய்விடும், அதற்கும் ஏற்பாடு வேண்டும். குளோரினை வெயில் தின்றுவிடுகிறது. காலையில் சரியாக இருந்தது சாயங்காலம் இருப்பதில்லை, இரண்டு வேளையும் சோதிக்கிறோம்.

செவ்வாயும் வியாழனும் காலை ஆறு மணி பெண்களுக்கு. பயிற்சியாளரும் பெண்தான். முதல் நாள் பெயர் கொடுத்தவர்கள் ஏழு பேர், இப்போது முப்பத்தொன்று. அந்தப் பையனின் தங்கச்சி மூன்று வாரமாக ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். போன வியாழக்கிழமை கையை விட்டாள். அவள் அம்மா கரையில் துண்டை வைத்துக்கொண்டு நின்றார்.