நிரப்பும் பிளக் முதலில்

நம் பாடசாலையின் உலோகவேலைக் கூடத்தில் ஸ்பானர் பிடித்த எவருக்கும் மாஸ்ரரின் கேள்வி நினைவிருக்கும்: "முதல் எதைக் கழற்றப் போறாய், ஏன் அதை முதல்?" சரியான பதில் வரும்வரை வேலை தொடங்காது. அவர் கற்பித்தது பெரும்பாலும் வேலையின் வரிசையைத்தான். நம்மில் பலர் இப்போது நாலு சில்லுக்கும் இழுவை போகும் வாகனம் வைத்திருக்கிறோம். லீவு வந்தால் சேறு, மணல், ஆறு என்று இறங்கிவிடுகிறோம். அவர் பாடங்கள் அந்த வாகனங்களுக்கு அப்படியே பொருந்துவதால், அவற்றைச் செய்முறையோடு எழுதுகிறேன்.

டிஃபரன்ஷியல் (அச்சின் நடுவில் இழுவையை இரு சில்லுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்லுப்பெட்டி) ஒயில் மாற்றுவதை எடுத்துக்கொள்வோம். கீழே வடிக்கும் பிளக், மேலே நிரப்பும் பிளக். நிரப்பும் பிளக்கைத்தான் முதலில் கழற்ற வேண்டும். கீழ்ப் பிளக்கைத் திறந்து ஒயில் முழுவதையும் வடித்த பிறகு மேற்பிளக் இறுகிப்போய் அசையாவிட்டால், புது ஒயில் ஊற்ற வழியில்லை. வாகனம் நின்ற இடத்திலேயே நிற்கும். பிளக்கின் குழிக்குள் காய்ந்த சேறு அடைத்திருந்தால் சாவி முழு ஆழத்துக்கு இறங்காது, விளிம்பில் மட்டும் பிடித்து மூலையைத் தின்றுவிடும். ஆகவே கம்பித் தூரிகையால் குழியைச் சுரண்டித் துடைத்து, முந்திய இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வைக்க வேண்டும். போல்ட் தலைகளுக்குப் பன்னிரண்டு முனைச் சொக்கற்றை விட ஆறு முனைச் சொக்கற் நல்லது. அது மூலையில் அல்ல, பக்கத்தில் அழுத்துகிறது.

வடிப்பதற்கு முன் வாகனத்தைச் சிறிது தூரம் ஓட்டினால் ஒயில் சூடாகி, அடியில் படிந்த அழுக்கையும் கொண்டு இறங்கும். பிளக்கில் காந்தம் இருந்தால் அதைத் துடைக்குமுன் விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். சாம்பல் நிறப் பசை சாதாரணத் தேய்மானம். நகத்தில் தடக்கும் துண்டு இருந்தால் பல்லோ பேரிங்கோ உடைந்திருக்கிறது. அப்படியென்றால் வெறுமனே ஒயில் மாற்றி மூடிவிட்டுப் போகக்கூடாது. வாகனம் சமதரையில் நிற்க, நிரப்பும் துளையால் ஒயில் வழியும்வரை ஊற்றி, வழிவது நின்றதும் புது வொஷர் போட்டு மூடினால் அளவு சரி. ஹைபொயிட் பல்லுள்ள (சாய்வாக வளைந்த பற்கள் வழுக்கி உரசும்) டிஃபரன்ஷியலுக்குப் பொதுவாக ஜிஎல்-5 தர ஒயில் (ஜிஎல் என்பது கியர் ஒயிலின் தரக்குறி). மிஞ்சியதை அப்படியே கியர்பெட்டிக்குள் ஊற்றிவிடாதீர்கள். பழைய கியர்பெட்டிகளின் சிங்க்ரோ வளையங்கள் (கியர் மாற்றும்போது வேகத்தை ஒத்துப்போக வைப்பவை) பித்தளையில் செய்தவை; சில ஜிஎல்-5 ஒயில்களிலுள்ள கந்தகச் சேர்மானம் அதை அரிக்கும். கையேடு ஜிஎல்-4 என்றால் ஜிஎல்-4 தான்.

வடித்த ஒயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. இது எப்படி நடக்கிறது என்பதை மாஸ்ரர் கரும்பலகையில் படம் போட்டே விளக்குவார். ஓடிவந்த அச்சு சூடாக இருக்கிறது. ஆற்றில் இறங்கியதும் குளிர்கிறது. உள்ளே இருக்கும் காற்று சுருங்குகிறது. அச்சின் மேலுள்ள சிறிய மூச்சுக்குழல் சேற்றால் அடைபட்டிருந்தாலோ தண்ணீருக்குள் இருந்தாலோ, அந்தக் குறையை நிரப்பத் தண்ணீர்தான் உள்ளே இழுபடும். சீலின் (அச்சு முனையில் உள்ள ரப்பர் அடைப்பு வளையத்தின்) உதடு ஒயில் வெளியே வராமல் தடுக்க வைத்தது. வெளியிலிருந்து வரும் இழுவைக்கு அது அவ்வளவாகத் தாங்காது.

பரிகாரம் எளிது. அந்த மூச்சுக்குழல் முனையில் ஒயில் தாங்கும் குழாய் ஒன்றை மாட்டி, என்ஜின் கூட்டின் உச்சிவரை கொண்டுபோய்க் கட்டிவிடலாம். கட்டும்போது வாகனத்தைத் தூக்கி அச்சை முழுதாகத் தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும். குழாயில் தளர்வு போதாவிட்டால் முதல் பள்ளத்திலேயே பிடுங்கிக்கொண்டு வரும். நடுவில் தொய்ந்து வளைந்தால் அங்கே நீர் தேங்கும். வெள்ளை ஒயிலோடு வாகனத்தை நாள்கணக்கில் நிறுத்தி வைப்பதுதான் பெரிய கேடு, பேரிங்கில் துரு விழும். வடித்து, அதே தரத்தில் மலிவான ஒயில் ஊற்றிக் கொஞ்சத் தூரம் ஓட்டி, அதையும் வடித்து, பிறகு நல்ல ஒயில் ஊற்ற வேண்டும்.

இதே குழல் எதிர்ப்பக்கமாகவும் வேலை காட்டும். அடைபட்டிருந்தால், ஓட ஓடச் சூடேறும் காற்று விரிந்து ஒயிலைச் சீல் வழியாகத் தள்ளும். சில்லின் உட்பக்கம் நனையும், பிறேக் சப்பாத்தும் கெடும். புதுச் சீல் போட்டும் மறுபடி கசிந்தால், சீலைக் குறை சொல்லாமல் மூச்சுக்குழலைப் பாருங்கள்.

சில்லு பேரிங் பார்க்கும் முறையும் அந்தக் கூடத்தில் படித்ததுதான். வாகனத்தை ஜக்கால் தூக்கி, ஸ்ராண்டில் இருத்தி (ஜக்கை மட்டும் நம்பி யாரும் கீழே கை வைக்கக்கூடாது), சில்லின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிறேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் பேரிங். நிற்காவிட்டால் சில்லு திரும்பும் மூட்டு (போல் ஜொயின்ற் அல்லது கிங்பின்). கழற்றிய பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவிக் காயவிட வேண்டும். அழுத்தக் காற்றை அடித்துச் சுழலவிடுவது ஆபத்து, உருளைகள் சிதறிப் பறக்கும். கிறீஸை உள்ளங்கையில் வைத்து, பேரிங்கின் அகன்ற பக்கத்தை அதில் குத்திக் குத்தி அழுத்தினால், குறுகிய பக்கத்தால் உருளைகளுக்கிடையே புதுக் கிறீஸ் பிதுங்கும். சுற்றிவர அப்படிப் பிதுங்கினால்தான் நிரம்பியதாகக் கணக்கு. மேலே பூசுவது போதாது.

ரோர்க் ரெஞ்சை (குறித்த முறுக்கு அளவுக்கு இறுக்கும் சாவியை) மாஸ்ரர் பூட்டிய அலுமாரியில்தான் வைத்திருப்பார். அதனால் இறுக்கலாம், கழற்றக்கூடாது. குறித்த முறுக்கு வந்ததும் 'கிளிக்' என்று ஒலிக்கும் வகை ரெஞ்சை வேலை முடிந்ததும் அளவுகோலின் மிகக் குறைந்த குறிக்கு இறக்கி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளிருக்கும் சுருள் சோர்ந்து அளவு பிசகும். கையேட்டில் வேறு குறிப்பு இல்லையென்றால் சில்லு நட்டின் மரை காய்ந்து சுத்தமாக இருக்க வேண்டும். எண்ணெய் பூசினால் உராய்வு குறைந்து, அதே முறுக்கில் ஸ்ரட் (நட்டு ஏறும் மரையாணி) மிகையாக இழுபடும். எதிரெதிராக மாறி மாறி இறுக்கி, 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடியபின் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

பற்றரியில் நெகட்டிவ் முதலில் கழற்றி, கடைசியில் பூட்ட வேண்டும். பொசிட்டிவ் கழற்றும் ஸ்பானர் வாகனத்தின் உலோக உடலில் பட்டாலும் அப்போது தீப்பொறி வராது.

அன்று இல்லாத சாமான்களும் இப்போது வாகனத்தில் இருக்கின்றன: கைவானொலி, ஜிபிஎஸ் கருவி, தடித்த உறையுள்ள தொலைபேசி. ஐபி67 (தூசும் நீரும் புகாமைக்கான தரக்குறி) என்றால் ஒரு மீற்றர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்பதே கணக்கு. அது நல்ல தண்ணீருக்கும் அசையாத தண்ணீருக்கும்தான். அழுத்தக் குழாயால் சேறு கழுவும்போது கருவியை அதில் காட்டினால் அந்தக் கணக்கு செல்லாது. கடல் நீர் பட்டால் நல்ல தண்ணீரில் அலசிக் காயவிட்ட பிறகே சார்ஜ் துளையைத் திறக்க வேண்டும். மூடியின் ரப்பர் வளையத்தில் ஒரு முடியோ மணலோ சிக்கினாலும் நீர் புகும், ஆகவே மூடுமுன் விரலால் தடவிப் பாருங்கள். அல்கலைன் பற்றரி போடும் கருவியை மாதக்கணக்கில் வைப்பதானால் பற்றரியை வெளியே எடுத்து வையுங்கள். கசிந்து வெள்ளைப் பொடி படிந்திருந்தால், வினாகிரியில் தோய்த்த பஞ்சால் துடைத்து நன்றாகக் காயவிட்டால் பெரும்பாலும் இணைப்பு மீளும். லித்தியம் பற்றரியைப் பாதிச் சார்ஜில், வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். பூட்டிய வாகனத்தின் டாஷ்போர்ட் அதற்கு உரிய இடமல்ல.