வாய்ச்சண்டைக்கு ஆள் இல்லாத ஊர்

சியாங் மாய் சந்தையில் கீரை விற்கும் அம்மாள் என்னைப் பார்த்ததும் கைகூப்பி, அடுத்த குலுக்கலுக்கு ஓர் எண் சொல்லுங்கள் என்றார். தாய்லாந்தில் அரசு லாட்டரிக் குலுக்கல் மாதத்தில் 1, 16 தேதிகளில் நடக்கும். அது நெருங்க நெருங்க மரப்பட்டை, பாம்பு, கண்ட கனவு எல்லாமே எண்ணாகத் தெரியத் தொடங்கும். நான் இந்தியாக்காரி, ஆகவே பிள்ளையாருக்கு வேண்டப்பட்டவள் என்பது அவர் கணக்கு. நான் கிறிஸ்தவள், என் கணவர் இங்கே சபை ஊழியம் செய்கிறார் என்றேன். "அது வெள்ளைக்காரர்களின் மதமாயிற்றே, உங்களுக்கு எதற்கு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டவர், ஒரு கட்டுக் கீரையைக் கூடுதலாக வைத்தார்.

சுருக்கென்றது. எங்கள் தேவகோட்டையிலிருந்து பஸ் ஏறினால் எட்டிவிடும் ஓரியூரில் கிறிஸ்தவ வேதம் போதித்த அருளானந்தர் வெட்டுண்டது 1693இல். அந்தச் செம்மண்ணை முந்தானையில் முடிந்துவந்து, காய்ச்சல் கண்ட பேரப்பிள்ளைகளின் நெற்றியில் பூசியவர் என் அம்மாச்சி. அமெரிக்கா என்றொரு நாடு உருவாவதற்கு முன்பே நாங்கள் ஜெபமாலை சொன்னவர்கள் என்று வழியெல்லாம் மனத்துக்குள் வாதாடிக்கொண்டே வந்தேன். அருளானந்தரும் போர்த்துக்கீசியர்தானே என்பது வீட்டுக் கதவைத் திறக்கும்போதுதான் உறைத்தது.

உண்மையான வருத்தம் அந்தக் கேள்வியில்கூட இல்லை. கேட்டதோடு அவர் நிறுத்திக்கொண்டாரே, அதில்தான். இங்கே யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. சுவிசேஷம் சொன்னால் தலையசைத்துக் கேட்கிறார்கள், குடிக்கத் தண்ணீர் தருகிறார்கள், "எல்லா மதமும் நல்லவராக இருக்கத்தானே சொல்கிறது" என்று முடித்துவிடுகிறார்கள். அதற்குமேல் பேச என்ன இருக்கிறது? தேவகோட்டையில் பக்கத்து வீட்டு ஆச்சி இப்படியா விட்டார்! திண்ணையில் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "தம்பி, உங்கள் சாமிக்கு ஒரே பிள்ளைதானாமே? அவருக்கும் கல்யாணம் ஆகவில்லையாம். அப்புறம் வம்சம் எப்படி விளங்கும்?" என்று அப்பாவை வம்புக்கு இழுப்பார். அப்பா வேதாகமத்தைத் தூக்கிக்கொண்டு போவார். விளக்கு வைக்கும் நேரம்வரை நடக்கும். அந்த ஆச்சி வீட்டிலிருந்துதான் கிறிஸ்துமஸுக்குக் கந்தரப்பமும் மனகோலமும் தூக்கு நிறைய வரும்.

இப்போது இந்த ஊர் பழகிவிட்டது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பாய் விரித்து, மூங்கில் கூடையிலிருந்து ஒட்டரிசிச் சோற்றைக் கையால் உருட்டி எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடுகிறோம். எனக்கும் உருட்ட வந்துவிட்டது. கறுப்பு அரிசி வைக்கும் நாளில் மட்டும் கை நின்றுவிடும். அப்படியே நம் கவுனி அரிசி. தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் தேடி மனம் கல்யாண வீட்டுப் பந்திக்குப் போய்விடும். கவுனியே பர்மாவிலிருந்து செட்டிநாட்டுக்கு வந்தது என்பார்கள். கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போன நகரத்தார் அங்கே ஊருக்கு ஊர் தண்டாயுதபாணிக்குக் கோயில் கட்டினார்கள். வேலோடு போனார்கள், பர்மியரை யாரும் முருகனிடம் வா என்று அழைக்கவில்லை. நாங்கள் அழைக்க வந்தவர்கள். அழைப்பது எத்தனை சங்கடம் என்று இப்போது தெரிகிறது.

பாங்காக்கில் முதல் புரொட்டஸ்டன்ட் மிஷனரிகள் இறங்கியது 1828இல். இன்றும் நாட்டில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவுதான். சியாங் மாய்க்கு 1867இல் வந்த அமெரிக்க மிஷனரி மெக்கில்வரி, 1868 ஆகஸ்ட் 18 அன்று சூரிய கிரகணம் வரும் என்று ஒரு வாரம் முன்பே சொன்னாராம். கேட்டுக்கொண்டிருந்தவர் 'நான் இந்தா' என்ற பெயருடையவர், புத்த மடத்தில் கற்றவர். இங்கேயும் ராகுதான் சூரியனை விழுங்குகிறான். சொன்ன நாளில் சூரியன் மறைந்ததும் அவர் ராகுவை விட்டார். அடுத்த ஜனவரியில் ஞானஸ்நானம் பெற்றார். அதே 1869இல் இரண்டு விசுவாசிகளை ஊர் அரசர் கொல்லச் செய்தார். மதச் சுதந்திர ஆணை வர 1878 ஆயிற்று. இதைப் படிக்கும்போதெல்லாம் கிரகணத்தன்று அம்மாச்சி சாப்பாட்டில் போட்ட தர்ப்பைதான் நினைவுக்கு வருகிறது. ஓரியூர் மண்ணும் ராகுவும் அவரிடம் சண்டையில்லாமல் இருந்தார்கள்.

எங்கள் சபையில் ஓர் இளைஞன் இருக்கிறான். பாடுவான், பாத்திரம் கழுவுவான், ஜெபிப்பான். ஞானஸ்நானம் மட்டும் தள்ளிக்கொண்டே போகிறது. அம்மாவுக்கு ஒரே மகன். மகன் ஒரு முறையேனும் துறவியாகிக் காவி உடுத்தினால், அந்தக் காவியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தாய் சொர்க்கம் போவாள் என்பது இங்குள்ள நம்பிக்கை. அந்த அம்மாள் திட்டவில்லை, அழவில்லை. "அப்படியானால் எனக்கு யார்?" என்று மட்டும் கேட்டார். கொள்ளி வைக்கப் பிள்ளை இல்லையே என்று நம் ஊரில் எத்தனை பேர் இதையே கேட்டிருக்கிறார்கள்! எனக்குப் பதில் வரவில்லை.

இந்த மழைக்கால மூன்று மாதம் மடத்தில் இருந்துவிட்டு வரட்டும், கர்த்தர் எங்கும் போய்விட மாட்டார் என்பது என் கட்சி. விக்கிரகத்துக்கு முன் முழந்தாளிட்டுவிட்டு எப்படித் திரும்புவான் என்பது என் கணவரின் கட்சி. நேற்று நடுராத்திரிவரை உரத்த தமிழில் நடந்தது. ஆச்சி இருந்திருந்தால் வெற்றிலைப் பெட்டியோடு வந்து நடுவில் உட்கார்ந்திருப்பார். காலையில் பையனைக் கூப்பிட்டு இருவரும் தனித்தனியாகச் சொன்னோம். என்னிடமும் சரி என்றான். அவரிடமும் சரி என்றான். புன்னகையோடு.